டிவிடி ரெக்கார்டர் மக்கர் பண்ணுதா? பெட்டியைத் திட்டறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

எங்க வீட்ல ஒரு டிவிடி ரெக்கார்டர் இருக்கு. 2007ல மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து வந்தப்ப லக்கேஜ்ல போட்டு கொண்டு வந்தது, உள்ள 160 ஜிபி ஹார்டு டிஸ்க், முன்னாடி சின்ன கதவு, திறந்தா மஞ்சள் சிவப்பு வெள்ளைன்னு மூணு ஓட்டை. இன்னிக்கும் ஓடுது. டிவி ரெக்கார்ட் பண்றதெல்லாம் எப்பவோ விட்டாச்சு, இப்ப அதோட வேலை சொந்தக்காரங்க வீட்டு கல்யாண கேசட், சீமந்தம், காதுகுத்து, சஷ்டியப்தபூர்த்தி இதையெல்லாம் டிஸ்க்ல ஏத்தறதுதான். அதனால இந்த மாதிரி பெட்டி பரண்ல கிடக்கறவங்க எல்லாம் எனக்குத்தான் போன் பண்றாங்க, ஒரே பதிலை எத்தனை தடவைதான் சொல்றது, எழுதியே வச்சுடறேன்.

என்கிட்ட வந்த கம்ப்ளெயின்ட்ல நிஜமாவே பெட்டி கெட்டுப்போனது கைவிட்டு எண்ணிடலாம். மிச்சமெல்லாம் பெட்டிக்கு வெளியில இருக்கற கோளாறு. உள்ள வர்ற சிக்னல் சரியில்ல, ஒயர் சரியில்ல, டிஸ்க் சரியில்ல, இல்லன்னா நாம அமுக்க மறந்த ஒரு பட்டன். அதனால ஸ்க்ரூ ட்ரைவர் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு டெஸ்ட் பண்ணிடுங்க. கடையில வாங்கின நல்ல சினிமா டிஸ்க் ஒண்ணை போட்டுப் பாருங்க, ஓடினா லென்ஸ் படிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் வீட்ல இருக்கற வேற ஏதாவது பெட்டியிலேர்ந்து முன்பக்க ஓட்டையில ஒயர் சொருகி அஞ்சு நிமிஷம் ஹார்டு டிஸ்க்ல ரெக்கார்ட் பண்ணி போட்டுப் பாருங்க, ஹார்டு டிஸ்க் இல்லாத மாடலா இருந்தா அழிச்சு அழிச்சு எழுதற ஒரு ஆர்டபிள்யூ டிஸ்க்ல. ரெண்டும் ஓகேன்னா பெட்டி மேல பழி போடாதீங்க.

நம்ம வீட்ல ஓடுது, அக்கா வீட்ல போட்டா ஓடல

எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான். பதில் ஒரே வார்த்தை, ஃபைனலைஸ் பண்ணல.

இது என்னன்னா, ரெக்கார்டர் டிஸ்க்ல எழுதறப்போ கடைசி வரைக்கும் "இன்னும் ஏதாவது வரும்"னு இடம் விட்டு வச்சுட்டே இருக்கும். எது எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுங்கற கணக்கை முழுசா எழுதியிருக்காது. எழுதின பெட்டிக்கு அந்தக் கணக்கு புரியும், அடுத்த வீட்டு ப்ளேயருக்குப் புரியாது. ஃபைனலைஸ்ங்கறது பந்தியில சாப்ட்டு இலையை மூடற மாதிரி. மூடிட்டா அதுக்கப்புறம் பரிமாற முடியாது, ஆனா மூடினாத்தான் பந்தி முடிஞ்சதுன்னு மத்தவங்களுக்குத் தெரியும். செட்டப் மெனுவுல இல்லன்னா டிஸ்க் மெனுவுல இருக்கும், அமுக்கினா சில நிமிஷம் எடுத்துக்கும், கொஞ்சமா எழுதின டிஸ்க்குக்கு சில சமயம் ஜாஸ்தி நேரம் எடுக்கும், பயப்படாதீங்க.

டிஸ்க்குக்கு டிஸ்க் இது மாறும். ஒரே தடவை எழுதற டிவிடி மைனஸ் ஆர்னா மூடியே ஆகணும், மூடினா மூடினதுதான். பிளஸ் ஆரும் அப்படித்தான். மைனஸ் ஆர்டபிள்யூன்னா மூடிட்டு நிறைய மாடல்ல திரும்பத் திறக்கலாம். பிளஸ் ஆர்டபிள்யூக்கு பெரும்பாலும் மூடவே தேவையில்ல, அதனால அவசரத்துக்கு ஒருத்தருக்கு கொடுக்கணும்னா நான் அதுலதான் கொடுப்பேன். டிவிடி ராம்னு ஒண்ணு உண்டு, லட்சம் தடவை எழுதலாம்பாங்க, ஆனா சாதாரண ப்ளேயர்ல பெரும்பாலும் ஓடாது, வீட்டோட வச்சுக்க வேண்டியதுதான்.

மூடியாச்சு, அப்பவும் ஓடலன்னா டிஸ்க் எந்த மோட்ல ஃபார்மேட் ஆகியிருக்குன்னு பாருங்க. மைனஸ் ஆர்டபிள்யூ டிஸ்க்கை முதல் தடவை போடறப்போ வீடியோ மோடா விஆர் மோடான்னு கேக்கும், நாம என்ன ஏதுன்னு பாக்காம ஓகே அமுக்கிடுவோம். விஆர் மோட்ல நடுவுல வெட்டலாம், விளம்பரத்தை தூக்கலாம், எடிட்டிங்குக்கு அருமை, ஆனா பாதி ப்ளேயருக்கு அது பிடிக்காது. இதை மாத்தணும்னா திரும்ப ஃபார்மேட் பண்ணணும், பண்ணா உள்ள இருக்கறது மொத்தமும் போயிடும், அதனால முதல்ல ஹார்டு டிஸ்க்குக்கோ கம்ப்யூட்டருக்கோ காப்பி எடுத்துட்டு அப்புறம் கை வைங்க. கம்ப்யூட்டர்ல போட்டா விஆர் மூவின்னு பேர்ல ஒரே ஒரு பெரிய ஃபைல் இருக்கும், கடைசியில விஆர்ஓன்னு முடியும், அதை விஎல்சி ப்ளேயர்ல இழுத்துப் போட்டா அப்படியே ஓடும். ஏதாவது ப்ளேயர் அடம் பிடிச்சா பேரோட கடைசியை எம்பிஜின்னு மாத்திப் பாருங்க.

நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன், மூடின டிஸ்க் மேல மார்க்கர்ல "மூ"ன்னு எழுதிடுவேன். வீட்ல கேலி பண்ணுவாங்க, மாட்டுப்பொங்கலுக்கு எழுதினியான்னு. ஆனா 2009லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் குழப்பமே கிடையாது. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டாதீங்க. டிஸ்க் சுத்தற வேகத்துல ஒரு பக்கம் கனம் ஜாஸ்தியானா ஆடும், நம்ம ஊர் வெயில்ல கோந்து இளகி ஓரம் தூக்கிக்கும், அது உள்ள போய் மாட்டினா கதை கந்தல்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, யாரும் யோசிக்கறதில்ல. மூடாத டிஸ்க்கை எழுதின அந்தப் பெட்டியாலதான் ஒழுங்கா படிக்க முடியும். நாளைக்கு அந்தப் பெட்டி செத்துட்டா உங்க மூடாத டிஸ்க் எல்லாம் சாவி தொலைஞ்ச பீரோதான். அதனால பெட்டி லேசா தகராறு பண்ண ஆரம்பிச்சதுமே முதல் வேலை, ரிப்பேருக்கு தூக்கிட்டு ஓடறது இல்ல, வீட்ல இருக்கற மூடாத டிஸ்க்கை எல்லாம் தேடி எடுத்து மூடறதுதான்.

பெட்டி ஏற்கனவே போயிடுச்சுன்னா? கம்ப்யூட்டர்ல டிஸ்க் வெறுமையா இருக்குன்னு காட்டும், நம்பாதீங்க, தூக்கியும் போடாதீங்க. ஐசோபஸ்டர் மாதிரி சாஃப்ட்வேர்ல பாத்தா நிறைய சமயம் உள்ள இருக்கறது தெரியும், எடுத்துடலாம். ஒரு ட்ரைவ்ல தெரியலன்னா வேற ட்ரைவ்ல போட்டுப் பாருங்க, ட்ரைவுக்கு ட்ரைவ் வித்தியாசம் நிறைய.

எழுதிட்டு இருக்கறப்பவே கரண்ட் போயிடுச்சு

இது நம்ம ஊர் வியாதி. ரெக்கார்ட் ஆகிட்டு இருக்கறப்போ போனா அந்த ஒரு ரெக்கார்டிங் போகும், மூடிட்டு இருக்கறப்போ போனா மொத்த டிஸ்க்கும் போகலாம். கரண்ட் வந்ததும் பெட்டி தானா "ரிப்பேர்" மாதிரி ஏதோ சொல்லிட்டு சுத்தும், அப்ப நடுவுல ஆஃப் பண்ணாதீங்க, கால் மணி நேரம் ஆனாலும் விட்டுடுங்க. வந்தப்புறம் திரும்ப மூடிப் பாருங்க, ஒத்துக்கிட்டா அதிர்ஷ்டம்.

வீட்டு இன்வெர்ட்டர் இருக்கேன்னு நினைக்காதீங்க. கரண்ட்லேர்ந்து இன்வெர்ட்டருக்கு மாறற அந்த கண் இமைக்கற நேரம் ஃபேனுக்குத் தெரியாது, இந்தப் பெட்டிக்குத் தெரியும், சில பெட்டி தாங்கும் சிலது ரீஸ்டார்ட் ஆகிடும். கம்ப்யூட்டருக்கு போடற சின்ன யுபிஎஸ், 600 விஏ போதும், அதுல இதையும் கேசட் ஓட்டற விசிஆரையும் சொருகிடுங்க. நான் மே மாசம் மத்தியானத்துல டிஸ்க் மூடறதே இல்ல, தெருவே ஏசி போட்டுட்டு இருக்கற நேரம், எப்ப ட்ரிப் ஆகும்னு யாருக்குத் தெரியும்.

ரெண்டு மணி நேரம் ரெக்கார்ட் ஆகியிருக்கு, போட்டுப் பாத்தா ஒரே கருப்பு

அல்லது வேற சேனல். இதுக்கு ஒரு சின்ன சென்னை சரித்திரம் தெரியணும். இந்த ரெக்கார்டர் எல்லாம் தயாரிச்சவங்க மனசுல இருந்தது ஆண்டெனா ஒயரை பின்னாடி சொருகினா எல்லா சேனலும் உள்ள இருக்கற ட்யூனர்ல வந்துடும்ங்கற கணக்கு. சென்னையில 2003 செப்டம்பர் 1ஆம் தேதியிலேர்ந்தே காஸ்ங்கற முறை வந்தாச்சு, காசு கட்டிப் பாக்கற சேனல் எல்லாம் செட்டாப் பாக்ஸுக்குள்ள போயாச்சு. அதனால நான் பெட்டி வாங்கின அன்னிக்கே ட்யூனர்ல வந்தது இலவச சேனல் மட்டும்தான். அப்புறம் எல்லாமே டிஜிட்டல் ஆனதும் அதுவும் இல்ல. இப்ப ட்யூனர்ங்கறது வெறும் அலங்காரம், ஆட்டோ ஸ்கேன் போட்டு "சேனலே வரல"ன்னு புலம்பறதுல பிரயோஜனம் இல்ல.

அப்ப வழி என்ன, செட்டாப் பாக்ஸ்லேர்ந்து மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரை ரெக்கார்டரோட இன்புட்ல கொடுத்து, ரெக்கார்டர்ல சேனல் நம்பருக்கு பதிலா எல்1 இல்ல எல்2ன்னு வைக்கணும். முன்பக்க ஓட்டைக்கு பெரும்பாலும் எல்2 இல்ல எல்3ன்னு பேர், மாடலுக்கு மாடல் மாறும், ஒவ்வொண்ணா மாத்தி எதுல படம் வருதுன்னு பாருங்க. கருப்பா வந்ததுக்கு முக்கால்வாசி காரணம் இந்த எல் நம்பர் தப்பா இருக்கறது, இல்லன்னா நீங்க வெளியில போனப்புறம் செட்டாப் பாக்ஸ் தானா தூங்கப் போயிடறது. ரெக்கார்டர் சமர்த்தா எழுந்து ரெண்டு மணி நேரம் கருப்பை எழுதி வச்சிருக்கும். பாக்ஸ் மெனுவுல அந்த ஆட்டோ ஸ்டாண்ட்பையை ஆஃப் பண்ணுங்க. வேற சேனல் வந்திருந்தா குற்றவாளி வீட்டுக்குள்ளதான், யாரோ ரிமோட்டை எடுத்திருக்காங்க. எங்க வீட்ல எங்க மாமியார்.

இப்ப வர்ற செட்டாப் பாக்ஸ்ல மூணு ஓட்டைக்கு பதிலா ஹெட்போன் மாதிரி ஒரே ஒரு ஓட்டை இருக்கும். அதுக்கு கடையில ஏதோ ஒரு ஒயர் கொடுப்பாங்க, சொருகினா மஞ்சள்ல படம் வராது, வெறும் கொர்ர்னு சத்தம் வரும். ஒயர் கெட்டுப்போகல. அந்த ஒயர்களுக்குள்ள எந்தக் கம்பி எதுக்குன்னு கம்பெனிக்கு கம்பெனி மாத்தி வச்சிருக்காங்க. சிவப்பை எடுத்து மஞ்சள் ஓட்டையில சொருகிப் பாருங்க, அப்புறம் வெள்ளையை, ஏதோ ஒண்ணுல படம் வந்துடும். கலரைப் பாத்து ஏமாறாதீங்க. எச்டிஎம்ஐ மட்டும் இருக்கற பாக்ஸா இருந்தா நேரடியா ஒண்ணும் பண்ண முடியாது, ரெக்கார்டர் பின்னாடி எச்டிஎம்ஐ இருக்கேன்னு சொருகுவீங்க, அது வெளிய போற வழி, உள்ள வர்ற வழி இல்ல.

டைமர் போட்டேன், ஒண்ணுமே ஆகல

கடிகாரம். கரண்ட் போய் வந்தா நிறைய மாடல்ல மணி 12:00னு மினுக்கிட்டு நிக்கும், ஆட்டோ க்ளாக்னு ஒண்ணு இருக்கே அது பாத்துக்கும்னு விடாதீங்க, அதுக்கு வேண்டிய சிக்னல் நம்ம ஊர்ல வராது. கையால வைங்க. ராத்திரி 12 அரைக்கு படம்னா தேதி அடுத்த நாள், இதுல ஏமாறாத ஆளே கிடையாது. அப்புறம் சில மாடல்ல பெட்டியை ஆஃப் பண்ணி ஸ்டாண்ட்பைல விட்டாத்தான் டைமர் வேலை செய்யும், ஸ்விட்ச் போர்டுல ஆஃப் பண்ணிட்டா எதுவும் செய்யாது, இதைச் சொன்னா சிரிப்பீங்க, ஆனா கரண்ட் பில்லுக்காக தினம் ஸ்விட்சை ஆஃப் பண்ற அப்பாக்கள் இருக்கற ஊர் இது.

படம் கருப்பு வெள்ளையா வருது, இல்ல உருண்டுட்டே இருக்கு

நம்ம ஊர் டிவி முறைக்குப் பேர் பால் (PAL), 625 கோடு, வினாடிக்கு 25 ஃப்ரேம். அமெரிக்கா என்டிஎஸ்சி, 525 கோடு, கிட்டத்தட்ட 30 ஃப்ரேம். நியூஜெர்சிலேர்ந்து வந்த சித்தப்பா பொண்ணு பர்த்டே கேசட்டை நம்ம விசிஆர்ல போட்டா டிவியில கலரா தெரியும், ஏன்னா விசிஆர் ரெண்டுக்கும் நடுவுல ஏதோ கலப்படம் பண்ணி அனுப்புது, டிவி சமாளிச்சுக்குது. ரெக்கார்டர் சமாளிக்காது, கலரை விட்டுடும் இல்ல உருள விடும். நிஜ என்டிஎஸ்சியா வெளிய விடற மல்ட்டி சிஸ்டம் விசிஆர் வேணும், ரெக்கார்டர் செட்டப்லயும் என்டிஎஸ்சின்னு மாத்தணும், ஒரே டிஸ்க்ல ரெண்டையும் கலக்க பெரும்பாலான பெட்டி விடாது, தனி டிஸ்க் போடுங்க.

நம்ம ஊர் கேசட்டே கருப்பு வெள்ளையா வந்தா செட்டிங்கை யாரோ மாத்தியிருக்காங்க, இல்லன்னா எஸ் வீடியோ ஒயரை ஒரு பக்கம் மஞ்சளோட ஜாயின்ட் போட்டு விட்டிருக்கீங்க. முதல்ல ஒயர் முனையைப் பாருங்க. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வீடுன்னா கேக்கவே வேணாம், உப்புக் காத்துல அந்த முனையெல்லாம் பச்சை பூத்துடும். சொருகி நாலு தடவை திருகி எடுங்க, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைங்க, பாதி வியாதி அங்கயே தீரும்.

இந்தச் சாக்குல ஒண்ணு, அமெரிக்காவுலேர்ந்து யாராவது ரெக்கார்டரே கொடுத்தா பின்னாடி ஸ்டிக்கரைப் படிக்காம ப்ளக்ல சொருகாதீங்க. 120 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா நம்ம 230ல ஒரே ஒரு தடவைதான் எரியும். சிங்கப்பூர், கல்ஃப் சரக்குக்கு பெரும்பாலும் அந்தப் பிரச்சனை இல்ல. கடை டிஸ்க்குக்கு மட்டும் ரீஜன், அதாவது எந்த ஊருக்குன்னு வித்த டிஸ்க்குங்கற நம்பர், தகராறு வரும், நம்மது 5, சிங்கப்பூர் 3, துபாய் 2. நாம எழுதற டிஸ்க்குக்கு ரீஜனே கிடையாது, அதனால "ரீஜன் ஒத்துக்கல போல"ன்னு கல்யாண டிஸ்க் மேல சந்தேகப்படாதீங்க, மூடினீங்களான்னு பாருங்க.

என் கல்யாண கேசட்டுக்கே "காப்பி பண்ணக்கூடாது"ங்குது

இதுல எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்ல. 1994ல நடந்த என் கல்யாணம், என் காசு, என் கேசட், இந்தப் பெட்டி யாரு என்னை காப்பி அடிக்காதேன்னு சொல்ல?

விஷயம் இதுதான். கடையில வித்த சினிமா கேசட்ல மேக்ரோவிஷன்னு ஒரு பூட்டு போட்டிருப்பாங்க. படத்துக்கு மேல டிவியில தெரியாத சில கோடுகள் உண்டு, அதுல சும்மா சும்மா துடிக்கற சிக்னலைக் கலந்து விடுவாங்க, விசிஆர்லேர்ந்து விசிஆருக்கு எடுத்தா படம் இருட்டாகி வெளிச்சமாகி ஆடும். டிவிடி ரெக்கார்டர் அந்தத் துடிப்பைப் பாத்ததுமே நிறுத்திடும். கல்யாண கேசட்ல பூட்டு எதுவும் கிடையாது, ஆனா முப்பது வருஷ கேசட், நாடா தேஞ்சு, அந்தத் தெரியாத கோடு இருக்கற இடத்துல தாறுமாறா இரைச்சல். பெட்டி அந்த இரைச்சலைப் பூட்டுன்னு நினைச்சுக்குது.

அதனால சிக்னலை சுத்தமாக்கணும். கேசட்டை ஒரு தடவை கடைசி வரைக்கும் ஃபார்வர்ட் ஓட்டி, திரும்ப முழுசா ரீவைண்ட் பண்ணுங்க, வருஷக்கணக்கா ஒரே இடத்துல இறுகிக் கிடந்த நாடா கொஞ்சம் சமமாகும். விசிஆர்ல நாடாவைப் படிக்கற ஹெட்டை க்ளீன் பண்ணுங்க, ஆனா காது குடையற பஞ்சால கூடாது, பஞ்சு நூல் மாட்டி ஹெட்டையே பிச்சுடும். ஆல்கஹால்ல நனைச்ச வெள்ளைப் பேப்பரை ட்ரம் மேல லேசா வச்சுப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ட்ரம்மை மெதுவா சுத்தணும், மேலயும் கீழயும் தேய்க்கவே கூடாது. அப்புறம் ட்ராக்கிங்கை ஆட்டோல விடாம கையால அட்ஜஸ்ட் பண்ணுங்க. பெரும்பாலும் கேசட்டோட ஆரம்பத்துலதான் தேய்மானம் அதிகம், பிள்ளையார் படமும் ரோஜாப்பூவுக்குள்ள மாப்பிள்ளை பொண்ணு முகமும் சுத்தற அந்த டைட்டில் கார்டு முடியட்டும், முகூர்த்தத்துலேர்ந்து ரெக்கார்ட் ஆரம்பிச்சுப் பாருங்க. எனக்கு வேலை செஞ்சது வேற விசிஆர். மாமா வீட்டு விசிஆரைக் கொண்டுவந்து போட்டேன், பூட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, முதல் தடவையே எழுதிடுச்சு. இதுக்குன்னே டைம் பேஸ் கரெக்டர்னு கருவி உண்டு, விலை அதிகம், ரெண்டு மூணு கேசட்டுக்காக வாங்காதீங்க.

நிஜமாவே கடை சினிமா கேசட்டா இருந்தா விட்டுடுங்க, அது பூட்டேதான்.

கேசட் போடறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா நாடாச் சுருளைப் பாருங்க. வெள்ளையா மாவு தெளிச்ச மாதிரி இருந்தா பூஞ்சை. அதை விசிஆர்ல போட்டா ஹெட்டுல ஒட்டி அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் பரவும். 2015 டிசம்பர் வெள்ளத்துல நனைஞ்ச கேசட்டுகளை அப்படியே காய வச்சு எடுத்து வச்ச வீடு வேளச்சேரியில எனக்கே நாலு தெரியும், அதையெல்லாம் ஆசைப்பட்டு ஓட்டிப் பாக்காதீங்க, கேசட்டை பிரிச்சு சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

பாதியில ரெக்கார்டிங் நின்னு நின்னு போகுது

விசிஆர்ல ப்ளூ பேக்னு ஒரு செட்டிங், சிக்னல் கொஞ்சம் மோசமானா படத்தை மறைச்சு நீல ஸ்க்ரீன் காட்டும். டிவி பாக்கறவங்களுக்கு அது மரியாதை, காப்பி எடுக்கறவனுக்கு எமன். நாலு நொடி மழை பெஞ்ச மாதிரி வர்ற இடத்துல எல்லாம் நீலம் வந்து போகும், ரெக்கார்டர் சிக்னலே போச்சுன்னு நிறுத்திடும். அதை ஆஃப் பண்ணிடுங்க. வீடியோக்காரர் நடுவுல வெத்தா விட்ட நாடாவுலயும் இப்படி நிக்கும், அங்க பக்கத்துல உக்காந்து நீங்கதான் திரும்ப அமுக்கணும், வேற வழி இல்ல.

படத்துக்கு அடியில கோணல் மாணலா ஒரு பட்டை

கோளாறே இல்ல. எல்லா விஎச்எஸ் கேசட்லயும் இருக்கறதுதான், ஒரு ஹெட்டுலேர்ந்து அடுத்த ஹெட்டுக்கு மாறற இடம். பழைய குண்டு டிவி ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிக் காட்டினதால தெரியாம இருந்தது, எல்இடி டிவி மொத்தத்தையும் காட்டுது. இதுக்காக விசிஆர் ரிப்பேருக்குக் கொடுத்து காசு கொடுத்தவங்களை எனக்குத் தெரியும்.

ஆட்டம் பாட்டம்னு வந்தா கட்டம் கட்டமா உடையுது

ஒரு டிஸ்க்ல 4.7 ஜிபி. அதுல ரெக்கார்டிங் தரத்தை எக்ஸ்பின்னு வச்சா ஒரு மணி நேரம், எஸ்பின்னா ரெண்டு, எல்பின்னா நாலு, இபின்னா ஆறு இல்ல எட்டு. டிஸ்க் மிச்சம் பண்றேன்னு மூணு மணி நேர கேசட்டை இபில போட்டா நாதஸ்வரக்காரர் முகம் மொசைக் தரை மாதிரிதான் இருக்கும். எல்பிலயே நிறைய பெட்டி படத்தோட அகலத்துல பாதிப் புள்ளியைத் தூக்கிடும். நான் எஸ்பியைத் தாண்டறதில்ல, ஒன்றரை டிஸ்க் ஆனாலும் ஆகட்டும். இரைச்சல் இருக்கற பழைய கேசட்டுக்கு பிட் ரேட், அதாவது ஒரு வினாடிக்கு எழுதற அளவு, இன்னும் ஜாஸ்தி வேணும், அந்த மழைப் புள்ளி ஒவ்வொண்ணையும் அது படம்னு நினைச்சு எழுதப் பாக்கும். ஒருதடவை எழுதினப்புறம் சரி பண்ண முடியாது, கேசட்லேர்ந்து திரும்ப எடுக்கறதுதான்.

புது டிஸ்க்கைத் துப்பிடுது

முதல்ல மைனஸா பிளஸ்ஸா பாருங்க, பழைய பெட்டி ரெண்டுல ஒண்ணைத்தான் எழுதும், கதவு மேல லோகோ இருக்கும். அப்புறம் வேகம். 2004, 2005 பெட்டிக்கெல்லாம் 16 ஸ்பீடு டிஸ்க் பின்னாடி வந்த புது ஆள், அடையாளம் தெரியாம முழிக்கும். 8 ஸ்பீடு கிடைச்சா அதை வாங்குங்க, பர்மா பஜார்லயும் ரிச்சி ஸ்ட்ரீட்லயும் பழைய ஸ்டாக் எங்கயாவது மாட்டும். அம்பது டிஸ்க் டப்பாவா அள்ளிட்டு வராதீங்க, முதல்ல ரெண்டு வாங்கி எழுதிப் பாத்துட்டு அப்புறம்.

வேற டிஸ்க்கும் எடுக்கலன்னா லென்ஸ். இதுல ஒரு கணக்கு உண்டு. டிவிடிக்கு 650 நானோமீட்டர் லேசர், சிடிக்கு 780, ரெண்டும் தனித்தனி. சிடி பாட்டு ஓடுது டிவிடி ஓடலன்னா ஒரு லேசர் மட்டும் சோர்ந்துடுச்சு. டிவிடி படிக்குது ஆனா எழுத மாட்டேங்குதுன்னா அதுவும் அதே வியாதியோட ஆரம்பம், எழுதறதுக்கு படிக்கறதை விட லேசருக்கு ரொம்ப ஜாஸ்தி பலம் வேணும். முதல்ல ப்ரஷ் வச்ச லென்ஸ் க்ளீனர் டிஸ்க் போட்டுப் பாருங்க, சாம்பிராணி, கொசுவத்தி, சமையல் புகை எல்லாம் லென்ஸ் மேல படியும், பூஜை ரூம் பக்கத்துல பெட்டி வச்சிருக்கற வீட்ல இதை அடிக்கடி பாத்திருக்கேன். அதுக்கும் மசியலன்னா ட்ரைவ் மாத்தணும், இனிமே கிடைக்கறது கஷ்டம். படிக்கற வரைக்கும் லாபம்னு, மேல சொன்னேனே, மூடாததை எல்லாம்... ஐயோ, எழுதவே மாட்டேங்கற பெட்டியால மூடவும் முடியாது. அதனாலதான் முன்கூட்டியே மூடுங்கன்னு கத்தறேன்.

ட்ரே திறக்கல

விர்ர்னு மோட்டார் சத்தம் வருது ஆனா நகரலன்னா உள்ள இருக்கற சின்ன ரப்பர் பெல்ட் தொளதொளன்னு ஆகியிருக்கும், நம்ம வெயிலுக்கு ரப்பர் எத்தனை வருஷம் தாங்கும். ப்ளக்கைப் பிடுங்கிட்டு, ட்ரே முகப்புல ஊசி ஓட்டை இருந்தா பேப்பர் கிளிப்பை நிமித்தி மெதுவா குத்துங்க. பெல்ட்டை எடுத்துட்டுப் போய் அதே சைஸ் கேளுங்க, கண்ணளவுல வாங்காதீங்க. தற்காலிகத்துக்கு வெந்நீர்ல ஒரு நிமிஷம் போட்டு எடுத்து துடைச்சு மாட்டினா சில வாரம் பிடிக்கும். சத்தமே இல்லாம டிஸ்ப்ளேல பூட்டு மாதிரி ஏதாவது தெரிஞ்சா அது சைல்டு லாக், மேனுவல் பாருங்க.

"ஹலோ"ன்னு சொல்லிட்டு அப்படியே நிக்குது

இது ஒண்ணுதான் பெரும்பாலும் பெட்டிக்குள்ள இருக்கற நிஜக் கோளாறு. உள்ள மோசமான டிஸ்க் ஏதாவது மாட்டியிருந்தாலும் இப்படி நிக்கும், அதனால முதல்ல அரை மணி நேரம் ப்ளக்கைப் பிடுங்கி வச்சுட்டு, திரும்பப் போட்டதும் எஜெக்ட் அமுக்கி டிஸ்க்கை வெளிய எடுங்க. அப்பவும் அதே கதைன்னா, அதுலயும் முதல்ல ரெண்டு தடவை ட்ரை பண்ணா வந்துட்டு இருந்தது, அப்புறம் அஞ்சு தடவை, இப்ப வரவே இல்லன்னு படிப்படியா மோசமாச்சுன்னா பவர் சப்ளைல கப்பாசிட்டர் போயிருக்கு. தலை தட்டையா இருக்க வேண்டியது உப்பி நிக்கும். மாத்தறது பெரிய வேலை இல்ல, சில நூறு ரூபா சமாச்சாரம், ஆனா நீங்க பண்ணாதீங்க. ப்ளக் எடுத்தப்புறமும் அந்த போர்டுல பெரிய கப்பாசிட்டர் ஒண்ணு முந்நூறு வோல்ட்டுக்கு மேல தேக்கி வச்சிருக்கும், தூக்கி அடிக்கும். டிவி ரிப்பேர் பண்ற யாருக்கும் இது கைவந்த வேலை. ஒரு கடையில எனக்கு "போர்டே போச்சு சார், ஐயாயிரம் ஆகும், புதுசு வாங்கிடுங்க"ன்னாங்க. பெட்டியைத் தூக்கிட்டு வந்து, நாலு கப்பாசிட்டர் மாத்தி 350 ரூபாய்ல ஓட வச்சாரு எங்க தெரு முனை மெக்கானிக். அதனால "கப்பாசிட்டர் பாத்தீங்களா அண்ணே"ன்னு நீங்களே கேளுங்க, அந்த ஒரு வார்த்தைக்கே பில் குறையும்.

ஹார்டு டிஸ்க்கிலேர்ந்து டிக் டிக்னு சத்தம்

எழுதறதை உடனே நிறுத்துங்க. புதுசா எதுவும் ரெக்கார்ட் பண்ணாதீங்க, உள்ள இருக்கறதுல எது திரும்பக் கிடைக்காதோ அதை முதல்ல டிஸ்க்குக்கு தள்ளுங்க, சீரியல் எல்லாம் கிடக்கட்டும். கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டிடலாம்னு தோணும். மாட்டினா விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணட்டுமா"ன்னு பாசமா கேக்கும். தப்பித்தவறி எஸ் சொல்லிடாதீங்க. அந்தப் பெட்டி அதோட சொந்த முறையில எழுதி வச்சிருக்கு, விண்டோஸுக்குப் புரியலங்கறதால உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்ல. வேற ஹார்டு டிஸ்க் வாங்கி மாட்டினாலும் நிறைய மாடல் ஏத்துக்காது, சர்வீஸ் மோடு, ஒரிஜினல் டிஸ்க், அதுக்குன்னு தனி ரிமோட்டுன்னு ஆயிரம் நிபந்தனை போடும்.

என் பெட்டியில போன மாசத்துலேர்ந்து ராத்திரி நேரத்துல அந்த டிக் லேசா கேக்குது. அம்மா சீமந்தத்துல லாலி பாடினது இன்னும் அதுலதான் இருக்கு, கேசட் பூஞ்சை பிடிச்சு போயே போச்சு. நேத்து யுபிஎஸ் பேட்டரி மாத்திட்டேன், 8 ஸ்பீடு டிஸ்க் ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல, தெரு ஏசி எல்லாம் செட்டில் ஆனப்புறம், எக்ஸ்பில ரெண்டு காப்பி, ரெண்டுலயும் மூ.